துடிப்பு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் கண்டாவளைப் பிரிவில் மருத்துவமாதுகளாக வேலை செய்தவர்கள். தருமபுரம், முரசுமோட்டை, புளியம்பொக்கணை என்று வீடுவீடாகப் போய், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டவர்கள். எங்களூரில் பிள்ளை அசைவதையும் துடிப்பு என்போம். இதயம் அடிப்பதும் துடிப்புத்தான். இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லவே வந்தோம்.

கருவிலுள்ள பிள்ளை எப்போதும் குறைந்த ஒட்சிசனில்தான் வாழ்கிறது. தாயின் நாடிக் குருதியில் ஒட்சிசனின் அமுக்கம் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் இரசம். தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகும் குருதியில் 30 அளவுதான். பிள்ளையின் ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கும் வகை, அதனால் சமாளிக்கிறது.

அந்த முப்பதும் குறைந்தால்? எங்களுக்கு மூச்சு முட்டினால் நெஞ்சு படபடக்கும். பிள்ளையின் இதயமோ மெதுவாகும். கழுத்து நாடியிலுள்ள உணரிகள் குறைவை அறிந்ததும் வேகசு நரம்பு கடிவாளம் போடுகிறது. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை கேட்கவேண்டிய அடி இறங்குகிறது. கை, கால், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் நாடிகள் சுருங்க, மூளைக்கும் இதயத்துக்கும் அதிரீனற் சுரப்பிக்கும் குருதி கூடுதலாகப் போகிறது. அரிசி குறைந்த வீட்டில் யாருக்கு முதலில் கோப்பை வைப்பது என்று அம்மா தீர்மானிப்பதுபோல. இடம்பெயர்ந்த காலத்தில் அதைக் கண்டவர்கள் இந்தச் சபையில் பலர்.

அசைவும் செலவுதான், அதனால் பிள்ளை அதையும் குறைக்கிறது. தட்டுப்பாடு வாரக்கணக்கில் நீண்டால் சிறுநீர் குறைந்து பனிக்குடநீர் வற்றும். தலை வளர, உடல் மெலியும்.

1959இல் ஒக்ஸ்போட்டில் ஜெஃப்ரி டோஸ், ஜோன் மொட், ஹெதர் ஷெல்லி ஆகியோர் செம்மறியாட்டுக் கருக்களை ஆராய்ந்தார்கள். (மூவரில் இருவர் பெண்கள், பெண்கள் பாடசாலையில் இதைச் சொல்லாமல் விடுவோமா!) ஒட்சிசன் அறவே நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது இதயத் தசையில் சேமித்த கிளைக்கோசனைப் பொறுத்தது என்று காட்டினார்கள். சேமிப்புத் தீர்ந்தால் சிக்கனம் உதவாது.

ஒரு மார்கழி மழையில், காலையிலிருந்தே துடிப்புக் குறைவு என்று ஒரு தாய் வீட்டில் சொல்லியிருக்கிறார். "மாதம் கிட்டினால் பிள்ளை அடங்கும், விடியட்டும்" என்றார்களாம். விடிந்து எங்களிடம் வந்தபோது குழலில் தாயின் நாடி மட்டும் கேட்டது. துடிப்பை எண்ணச் சொல்லியிருந்தோம். ஏன் எண்ணவேண்டும் என்று சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் பிழை, இன்றும் உறுத்துகிறது.

மாதம் கிட்டினால் அசைவின் தன்மை மாறலாம், அடங்கிப்போகாது. ஆகவே, ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உங்கள் மகள் இரவில் அழைத்து, "அம்மா, பிள்ளை துடிக்கிறது குறைவு" என்றால், இனிப்புத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படு என்று சொல்லாதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.