பூட்டின ஹாலுக்குள்ள ஒரு செவ்வாய்ப் பயணம்

எண்ணூர் பக்கம் மூணாவது வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணா, வெளிநாட்டுல காலேஜ் பசங்களே செவ்வாய்க்குப் போற மாதிரி மிஷன் நடத்துறாங்களாமே, நம்ம ஊர்ல பண்ண முடியுமா? சாம்பல் குளம் பாக்க அப்படியே நிலா மாதிரிதானே இருக்கு?"

பண்ணலாம் தம்பி. ஆனா சாம்பல் குளத்துல வேணாம். ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

இதுக்குப் பேர் அனலாக் மிஷன். விண்வெளிக்குப் போகாம, பூமியிலேயே நாலஞ்சு பேரை ஒரு இடத்துல அடைச்சு வெச்சு, அங்க வரக்கூடிய கஷ்டத்தை இங்கயே வரவழைச்சுப் பாக்கறது. ஐ.டி. ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ப்ரொடக்‌ஷனுக்கு முன்னாடி ஸ்டேஜிங்ல ஓட்டிப் பாக்கறது. மாஸ்கோவுல 2010 ஜூன்ல ஆறு பேர் உள்ள போனாங்க, 520 நாள் கழிச்சு 2011 நவம்பர்ல வெளிய வந்தாங்க. அமெரிக்காவோட யூட்டா பாலைவனத்துல மார்ஸ் சொசைட்டி 2001-லேர்ந்து ஒரு நிலையம் வெச்சிருக்கு; பெல்ஜியம், பிரான்ஸ்லேர்ந்து மாணவர் குழுக்கள் அங்க போய்த் தங்குது. நம்ம இஸ்ரோவும் 2024 நவம்பர்ல லே-வுல ஆரம்பிச்சாங்க. 2025 ஆகஸ்ட்ல லடாக்ல த்சோ கார் ஏரிப் பக்கம் 'ஹோப்'னு ஒரு கூடாரத்துல ரெண்டு பேர் பத்து நாள் இருந்தாங்க.

ஆனா தம்பி கேட்டது பசங்களே நடத்துறது. அதுக்கு சரியான உதாரணம் ஸ்விட்சர்லாந்துல இ.பி.எஃப்.எல். மாணவர்கள் தொடங்கின ஆஸ்க்ளெப்பியஸ். 2021 ஜூலையில ஆல்ப்ஸ் மலைக்குள்ள, கிரிம்செல் சுரங்கத்துல ஆறு பேர் ஒரு வாரம் இருந்தாங்க. சூரிய வெளிச்சமே கிடையாது. அணுக்கழிவை ஆழத்துல புதைக்கறது பத்தி ஆராய்ச்சி நடக்கற இடம் அது. பின்னாடி சாசோ சான் கோட்டார்டோங்கற பழைய ராணுவக் கோட்டைக்கு மாறினாங்க. ரெண்டுமே ஏற்கெனவே இருந்த இடம். யாரும் காசைக் கொட்டி புதுசா கட்டலை. உள்ள எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும், என்ன சோதனை, என்ன சாப்பாடு, ஏதாவது ஆச்சுன்னா யார் என்ன பண்ணணும் எல்லாத்தையும் உக்காந்து எழுதினது பசங்க. என்னைக் கேட்டா, உள்ள போறவங்களைவிட வெளிய மிஷன் கன்ட்ரோல்ல உக்காந்திருக்கறவங்கதான் அதிகம் கத்துக்கறாங்க. போட்டோதான் உள்ள இருக்கறவங்களுக்கு. [சிரிப்பு]

இப்ப சாம்பல் குளம். அந்த சாம்பலை சுவாசிக்கறது நுரையீரலுக்குக் கேடு, அது ஒண்ணே போதும். பக்கத்துல ஜனங்க அதை தினமும் சுவாசிச்சுட்டு இருக்காங்க, நாம போய் அதுல ஸ்பேஸ் சூட் மாட்டி போஸ் குடுக்கறது நல்லாவும் இருக்காது. அது தவிர அறிவியலாவும் தப்பு. அனல்மின் நிலையத்து சாம்பல் உருகிக் குளிர்ந்தது, துகள் பெரும்பாலும் உருண்டையா இருக்கும். நிலாவுல காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, தூள் தேயவே இல்ல, கண்ணாடிச் சில்லு மாதிரி கூரா இருக்கும். நிறம் ஒண்ணுங்கறதுக்காக மண் ஒண்ணாகாது. இஸ்ரோவுக்கு நிலா மண் வேணும்னப்ப நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைக்குத்தான் வந்தாங்க. அங்க அனார்த்தோசைட்ங்கற பாறை, நிலாவோட மேட்டு நிலத்துல இருக்கற அதே வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் உதவிச்சு. அதை உடைச்சு அரைச்ச மண்ணுலதான் சந்திரயான்-2 ரோவரை ஓட்டிப் பாத்தாங்க. சக்கரத்தை சோதிக்கணும்னா மண் சரியா இருக்கணும். மனுஷனை சோதிக்கணும்னா மண்ணே தேவையில்ல. பூட்டின ஹாலும் எழுதி வெச்ச நடைமுறையும் போதும்.

அந்த நடைமுறைதான் இதுல முக்கியம். ஹவாய்ல மௌனா லோவா எரிமலை மேல ஹை-சீஸ்னு ஒரு நிலையம். 2018 பிப்ரவரியில நாலு பேர் எட்டு மாசத்துக்குன்னு உள்ள போனாங்க. நாலாவது நாள் ஒருத்தருக்கு கரன்ட் ஷாக். நிஜ ஆம்புலன்ஸ் வந்துது, மிஷன் அதோட முடிஞ்சுது. நடிப்பை எப்ப நிறுத்தணும், யார் நிறுத்தலாம்னு முன்னாடியே எழுதி வெக்காம எந்தக் குழுவும் கதவைப் பூட்டக் கூடாது.

இன்னொண்ணு சொல்றேன், இது நம்ம ஊருக்கு ரொம்பக் கிட்ட. சர்வதேச விண்வெளி நிலையத்துல வெளிப்பக்கம் குளிரூட்டறது அம்மோனியாவை வெச்சுதான். அது உள்ள கசிஞ்சா ஆபத்து. 2015 ஜனவரி 14 அன்னைக்கு அலாரம் அடிச்சுது. ஆறு பேரும் ரஷ்யப் பகுதிக்குப் போய் நடுவுல இருக்கற கதவை மூடிட்டாங்க. கடைசில பார்த்தா கசிவே இல்ல, ஒரு கம்ப்யூட்டர் கோளாறு. ஆனா யாரும் 'என்ன வாசனை, என்ன பண்ணலாம்'னு நின்னு யோசிக்கலை. தரையில அத்தனை தடவை ஒத்திகை பாத்திருந்தாங்க.

2023 டிசம்பர் 26 ராத்திரி, நடுராத்திரி நெருங்கற நேரம், நம்ம பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில வர்ற குழாய்லேர்ந்து அம்மோனியா கசிஞ்சப்ப எப்படி இருந்துதுன்னு இதைக் கேக்கற பாதிப் பேருக்குத் தெரியும். கண்ணு எரியுது, மூச்சு அடைக்குது, குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வந்தாச்சு. எந்தப் பக்கம் போறது? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்கே போகணும். துணியை நனைச்சு மூக்குல பிடிக்கணும், அம்மோனியா தண்ணியில சட்டுனு கரையும். இதை எத்தனை வீட்டுல, எத்தனை தடவை நடந்து பாத்திருக்கோம்? கடல்ல காத்து பாத்துப் போற ஊருங்க இது. காத்தோட திசையை நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்; சைரன் அடிச்சா என்ன பண்றதுன்னுதான் யாரும் எழுதித் தரலை.

அதனால தம்பி, என் யோசனை இது. மூணு நாள். உள்ள நாலு பேர், வெளிய எட்டு பேர், ஷிஃப்ட் போட்டு. உள்ள அனுப்பற மெசேஜ் பத்து நிமிஷம் கழிச்சுதான் போய்ச் சேரணும். செவ்வாய்க்கு தூரத்தைப் பொறுத்து ஒரு வழிக்கே 3 நிமிஷத்துலேர்ந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாத்துக்கும் கேன் கணக்கு. இதுல எங்க அம்மாவைத் தோக்கடிக்க நாசாவால முடியாது. ரெண்டாவது நாள் ராத்திரி, யாருக்கும் நேரம் சொல்லாம, அம்மோனியா அலாரம். யார் முதல்ல எழுந்தாங்க, ஈரத்துணி எங்க இருந்துது, எத்தனை செகண்ட் ஆச்சு, எதுல குழம்பினாங்கன்னு வெளிய இருக்கற எட்டு பேரும் எழுதணும். அந்தத் தாளை அப்படியே தெருவுக்கு எடுத்துட்டுப் போங்க. வயசானவங்க இருக்கற வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க, ஏன்னா உங்க நாலு பேருக்கும் இருபது வயசு, படி இறங்கத் தெரியும்.

கதவுல நிஜப் பூட்டு போடாதீங்க, தாழ்ப்பாள் போதும். 'நிறுத்து'ன்னு யார் சொன்னாலும் அந்த நிமிஷம் நிறுத்தணும். அலாரம் சத்தம் அக்கம்பக்கத்து வீட்டுக்குக் கேக்காம பாத்துக்கங்க. நம்ம ஏரியால ராத்திரி அந்த மாதிரி சத்தம் வந்தா யாரும் அதை விளையாட்டுன்னு நினைக்க மாட்டாங்க.

மெசேஜை நிறுத்தி வெச்சு அனுப்பற ப்ரோகிராமை நான் எழுதித் தர்றேன், நாப்பது வரிக்கு மேல போகாது. ஹால் சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் விசாரிச்சுட்டு எழுதுங்க.