வீட்டின் விலையா படிப்புக்கு அளவுகோல்?



வரி என்றதும் முகம் வாடுவோர் உண்டு. வரவு செலவுக் கணக்கு என்றதும் கொட்டாவி விடுவோரும் உண்டு. ஆனால், ஏழையின் தலைவிதி என்று சொல்லப்படுவது வானத்திலே எழுதப்படுவதில்லை. பெரும்பாலும் அது வரி ஏட்டிலேதான் எழுதப்படுகிறது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே நடந்த ஒரு வழக்கை இதற்குச் சான்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

அந்நாட்டிலே பொதுப் பள்ளியில் படிக்கக் கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடுதான். பணம் எங்கிருந்து வருகிறது? மாநில அரசு ஒரு பங்கு தருகிறது. வாஷிங்டன் அரசு சிறு பங்கு தருகிறது. மற்றொரு பெரும் பங்கு, அந்தந்தப் பள்ளி வட்டாரத்திலுள்ள வீடு, மனை, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பின்மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து வருகிறது. தன் ஊர்ப் பள்ளிக்குத் தன் ஊரே பொறுப்பு என்ற எண்ணம் அங்கே பழமையானது. 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டுமென்று மாசசூசெட்ஸ் 1647-இலேயே சட்டம் செய்தது. ஆனால், மாளிகைகள் ஓரிடத்திலும் குடிசைகள் வேறிடத்திலும் குவிந்துவிட்ட பிறகு, அந்த முறை என்ன செய்தது?

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரைப் பாருங்கள். ஒரே நகர்ப்புறத்திலே இரண்டு பள்ளி வட்டாரங்கள். ஒன்று எட்ஜ்வுட், மாணவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்சிகோ வழியினர், உழைத்துப் பிழைப்போரின் பிள்ளைகள். மற்றொன்று அலமோ ஹைட்ஸ். வசதி படைத்தோர் வாழுமிடம். 1967-68 ஆம் ஆண்டுக் கணக்கு நீதிமன்ற ஏட்டிலேயே இருக்கிறது. எட்ஜ்வுட்டில் மாணவர் ஒருவருக்கு ஊரின் சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினர். அலமோ ஹைட்ஸார் கட்டியதோ 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்கு ஊர் தரவேண்டிய பங்கு போக எஞ்சியது எவ்வளவு? அதிக விகிதத்தில் வரி கட்டிய ஏழை ஊருக்கு, மாணவர் தலைக்கு 26 டாலர். குறைந்த விகிதத்தில் கட்டிய பணக்கார ஊருக்கு 333 டாலர்!

பள்ளத்தை மேடாக்க மாநில அரசு முன்வந்ததா? எட்ஜ்வுட்டுக்கு 222 டாலர் தந்த அரசு, அலமோ ஹைட்ஸுக்கு 225 டாலர் தந்தது. வாஷிங்டன் உதவியையும் சேர்த்த பின்னும் 356 டாலர் ஒருபுறம், 594 டாலர் மறுபுறம்.

ஏழைகள் கல்வியில் அக்கறையற்றவர், அதனால்தான் அவர்தம் பள்ளிகள் பாழ்பட்டுக் கிடக்கின்றன என்று பேசுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு இந்த 1 டாலர் 5 சென்ட்டே விடை. அந்த நகர்ப்புறத்திலேயே மிக உயர்ந்த வரி விகிதம் அதுதான். அக்கறைக்குக் குறைவில்லை, அந்த அக்கறையைக் காசாக்கும் சொத்துத்தான் அங்கே இல்லை.

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறினர். தகுதி பெற்ற ஆசிரியர் வேண்டும், பழுதில்லாத கட்டடம் வேண்டும் என்றனர். அவ்வாண்டு ஜூலையில் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். முன்னின்றவர் டெமட்ரியோ ராட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளி. 1971 டிசம்பரில் கீழ்மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. கல்வி, கூட்டாட்சி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையன்று என்றார் நீதிபதி பவல். உள்ளூர் மக்களே தம் பள்ளியை ஆள இம்முறை வழிவகுக்கிறது என்றும் காரணம் காட்டினார். நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார்.

தோழர்களே! உள்ளூர் ஆட்சியுரிமை என்ற சொல் நம் செவிக்கும் இனியதே. அதிகாரம் மக்கள் பக்கத்திலே இருக்கவேண்டும் என்பவர்கள் நாம். அதனாலேயே கேட்கிறேன்: எவ்வளவு வரி போட்டாலும் போதிய பணம் திரட்ட முடியாத ஊருக்கு, எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது? காலிப் பெட்டியின் சாவியைக் கையிலே கொடுத்துவிட்டு, கருவூலமே உன்னுடையது என்பதா ஆட்சியுரிமை? அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்போர் வருவாயையும் பகிர்ந்தளிக்க வேண்டும். இல்லையேல், அது உரிமை வழங்கலன்று. பொறுப்பைத் தட்டிக் கழித்தலாகும்.

எட்ஜ்வுட் ஓய்ந்துவிடவில்லை. மாநில நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1989-இல் டெக்சாஸ் உச்சநீதிமன்றம், இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கே முரண் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் கொண்டுவந்த மாற்று ஏற்பாடுகள் 1991-இலும் 1992-இலும் வீழ்ந்தன. 1993-இல்தான், செல்வ வட்டாரங்களின் சொத்து வரியில் ஒரு பகுதியை மற்றப் பள்ளிகளுக்குத் திருப்பும் சட்டம் பிறந்தது. ‘ராபின் ஹூட்’ திட்டம் என்று சிலர் அதை ஏளனம் செய்தனர். 1995-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. மாணவர் வெளியேறிய நாளிலிருந்து எண்ணினால் 27 ஆண்டுகள்! அன்று பள்ளியில் படித்த பிள்ளைகள், தாமே பெற்றோராகும் வயதை அடைந்துவிட்டனர்.

இதிலே நமக்குள்ள பாடம் ஒன்று. கல்வி அனைவருக்கும் உரியது என்று ஏட்டில் எழுதுவது எளிது. அதற்கான பணத்தை எவரிடம் திரட்டுவது, எவருக்குப் பங்கிடுவது என்ற கேள்வியிலேதான் கொள்கையின் உண்மை வெளிப்படும். ஆகவே நிதிநிலை அறிக்கை வரும்போது தலைப்பை மட்டும் படித்து நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு, எந்த ஊர்க் குழந்தைக்கு எவ்வளவு என்று கணக்கைக் கேளுங்கள். பிறந்த வீட்டின் விலை, பிள்ளையின் படிப்புக்கு அளவுகோலாகக் கூடாது. அந்த அளவுகோலை முறிக்கும் பணி, கணக்குக் கேட்பதிலிருந்தே தொடங்குகிறது.