காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஆபத்து
(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நாம் பதறுகிறோம். காய்ச்சல் விட்டதும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நிம்மதி அடைகிறோம். பெரும்பாலும் அந்த நிம்மதி சரியானதுதான். ஆனால் மிகச் சில பிள்ளைகளுக்கு, காய்ச்சல் விட்டு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் மூளையைத் தாக்கும் ஒரு நோய் வருகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். இது அபூர்வமான நோய். ஆனாலும் பேசவேண்டிய காரணம் இருக்கிறது. உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாகத் தேறிவிடுகிறார்கள். தாமதம்தான் அவர்களுக்கு எதிரி.

மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஏடெம்’ என்கிறார்கள். முழுப் பெயர் அக்யூட் டிஸ்ஸெமினேட்டட் என்செபலோமைலைட்டிஸ். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளிதுதான். நம் வீட்டு மின்கம்பியின் மேல் ஒரு உறை இருக்கிறதல்லவா? அதுபோல மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் எதிர்ப்புச் சக்தி, தடம் மாறி இந்த உறையைத் தாக்கிவிடுகிறது. வீக்கம் உண்டாகிறது, உறை உரிகிறது, செய்தி போகும் வழி தடைபடுகிறது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறார்கள்.

தாய்மார்கள் இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சலோ அம்மையோ வந்து போன பிள்ளை சில நாட்கள் நன்றாக விளையாடுகிறது. பிறகு தலைவலி, வாந்தி. எழுப்பினாலும் சரியாக எழாமல் தூங்கி வழிகிறது. பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறது, காரணமில்லாமல் முரண்டு பிடிக்கிறது. நடந்தால் தள்ளாடுகிறது. ஒரு கையோ காலோ வலுவிழக்கிறது. கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறது. சிறுநீர் போக முடியவில்லை. சிலருக்கு வலிப்பும் வருகிறது. இவை சில நாட்களுக்குள்ளேயே முற்றிவிடும். ‘இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்’ என்பதற்கு இந்த நோய் இடம் கொடுக்காது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறிப் பேசினால், கண்ணேறு என்றும் ஜின் தீண்டல் என்றும் சொல்லி, ஓதிப் பார்க்க ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நம்மில் உண்டு. துஆச் செய்வதை யாரும் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் ஓதலாம். மருத்துவம் செய்துகொள்வதும் மார்க்கம் காட்டிய வழிதான். ஓதுவதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். எம்.ஆர்.ஐ. வசதியும் குழந்தை நரம்பியல் மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

மருத்துவமனைக்குப் போன பிறகும் மூன்று பயங்கள் நம்மைத் தடுக்கின்றன.

முதல் பயம், முதுகில் போடும் ஊசி. ‘முதுகுத் தண்டில் நீர் எடுத்தால் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விடும்’ என்று சொல்லி, கையெழுத்துப் போட மறுத்துவிடுகிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைச் செலுத்துகிறார்கள். பிறகு சிலருக்குத் தலைவலியோ முதுகுவலியோ வரலாம், அது சரியாகிவிடும். மூளைக்காய்ச்சலுக்கும், மூளையைத் தாக்கும் காசநோய்க்கும், ஏடெம்முக்கும் ஆரம்ப அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ வேறு வேறு. பிரித்தறிய அந்த நீர் தேவை. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெள்ளைப் பகுதியில் திட்டுத்திட்டாகத் தெரியும் மாற்றங்களைப் பார்க்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சு கிடையாது. பிள்ளை அசையாமல் இருப்பதற்காகத்தான் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். முடிவுகள் வரும்வரை கிருமிக்கான மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ‘என்ன நோய் என்றே தெரியாமல் மருந்து ஏற்றுகிறார்கள்’ என்று சண்டை பிடிக்காதீர்கள். அது பிள்ளையின் பாதுகாப்புக்காகத்தான்.

இரண்டாவது பயம், ஸ்டீராய்டு. ஏடெம்முக்கு முதல் மருந்தே அதுதான். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற மருந்தை 3 முதல் 5 நாட்கள் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். பிறகு மாத்திரையாகக் கொடுத்து, பொதுவாக 4 முதல் 6 வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். இதற்குக் கட்டுப்படாவிட்டால் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது, பிளாஸ்மா மாற்றுவது என்று அடுத்த வழிகள் உண்டு. மாத்திரை சாப்பிடும் நாட்களில் பிள்ளைக்குப் பசி அதிகமாகும், முகம் உப்பும், எரிச்சல் வரும். அதைப் பார்த்துவிட்டு, ‘பிள்ளைதான் நடக்கிறானே, இனி எதற்கு மாத்திரை’ என்று வீட்டிலுள்ளவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம், உடலும் தாங்காமல் போகலாம். மருத்துவர் சொல்லும்வரை நாமாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முகத்தின் உப்பல் மருந்து குறையக் குறைய வடிந்துவிடும்.

மூன்றாவது பயம், தடுப்பூசி. 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறும் உண்டு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்தை ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள். நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. அதில் மயலின் கலந்திருந்ததால், போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இதே ஏடெம் நோய் வந்தது உண்மை. அதனால்தான் அதைக் கைவிட்டார்கள். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றுபோனது. இன்று நாய்க்கடிக்குப் போடும் ஊசியில் மூளைத் திசு இல்லை. இப்போது தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நோய் வந்த பிள்ளைகளில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை பாதிக்கப்படுகிறது. தடுப்பூசிக்குப் பின் அப்படி நேர்வது அதைவிட மிக மிக அரிது. தடுப்பூசியைத் தவிர்ப்பவர் பிள்ளையைச் சிறிய அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு பெரிய அபாயத்தில் விடுகிறார். ஏற்கெனவே ஏடெம் வந்த பிள்ளைக்கு மட்டும், அடுத்த தடுப்பூசி எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். சிலருக்குப் படிப்பில் கவனம் குறையலாம், சீக்கிரம் களைப்பு வரலாம். பள்ளி ஆசிரியரிடமும் மதரஸா உஸ்தாதிடமும் விவரத்தைச் சொல்லிவையுங்கள். ‘சோம்பேறி’ என்று அடி வாங்கவேண்டிய பிள்ளை அல்ல அது. பிஸியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஏடெம் பெரும்பாலும் ஒருமுறை வந்து போய்விடும். ஆனால் கண் மங்குவதோ, கால் வலுவிழப்பதோ மீண்டும் வந்தால் அன்றே கொண்டுபோங்கள். ‘மாக்’ என்ற எதிர்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பரிசோதித்து, மீண்டும் வராமலிருக்க நீண்டகால மருந்து தேவையா என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. படங்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஒரே பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. கூடப் படுக்கும் தம்பி தங்கைக்கு வந்துவிடாது. பரம்பரையாகத் தொடரும் நோயும் அல்ல. ஆகவே ‘நாளைக்கு நிக்காஹ் பேசும்போது குறையாகிவிடும்’ என்று பெண்பிள்ளையின் நோயை மறைத்து, வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

செலவை எண்ணியும் யாரும் வீட்டிலேயே தங்கிவிட வேண்டாம். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்தபடியே நம் அறக்கட்டளைக்குச் சொல்லி அனுப்புங்கள். மனுவும் சான்றிதழும் பிறகு வரட்டும். நம் கையில் உள்ளதைக் கொண்டு, ஜகாத், சதகா நிதியிலிருந்து நம்மால் இயன்றதைச் செய்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.