கலந்தாலோசித்து என்னும் ஒரு சொல்

ஹைதராபாத்தில் மூசி நதியின் தென்கரையில் நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடம் 1920ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நிஜாம் ஆட்சிக்குப் பின், 1956 முதல் ஆந்திரப் பிரதேசத்திற்கும், 2019 முதல் தெலங்கானாவுக்கும் அதுவே உயர் நீதிமன்றம். அதன் எழில்மிக்க மாடங்களைப் பற்றியன்று இன்று நம் பேச்சு. அங்கு அமரும் நீதிபதிகளைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றியே.

பத்தாண்டு நீதித்துறைப் பதவி வகித்தவர், அல்லது உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வக்கீலாக இருந்தவர் இப்பதவிக்குத் தகுதியுடையவர். நியமிப்பவர் ஜனாதிபதி. ஆயினும் இந்தியப் பிரதம நீதிபதி, கவர்னர், அவ்வுயர் நீதிமன்றப் பிரதம நீதிபதி ஆகியோரைக் 'கலந்தாலோசித்து' நியமிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லிடம் சற்று அச்சம் உண்டு. கேட்டபின் ஒதுக்கிவிடலாமா, கேட்டபடி நடக்க வேண்டுமா? சொல் வாய் திறப்பதில்லை.

நீதிபதியை வேறு மாநிலத்திற்கு மாற்றும் விதியிலும் இதே சொல் உண்டு. 1976இல், நெருக்கடி நிலையின்போது, நாடெங்கும் பதினாறு நீதிபதிகள் மாற்றப்பட்டனர். குஜராத்தின் சங்கல்சந்த் சேத் அவர்களில் ஒருவர். அவருடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர் வழக்கைத் தொடுத்துவிட்டு, உத்தரவுக்குப் பணிந்து ஹைதராபாத்திற்கு வந்து பொறுப்பேற்றார். பணிவும் எதிர்ப்பும் ஒருங்கே அமைந்த அச்செயலை நாம் பெரிதும் மதிக்கிறோம். 1977இல் சுப்ரீம் கோர்ட், சம்மதம் அவசியமில்லை, ஆனால் கலந்தாலோசனை வெறும் சடங்காகாது, விவரங்கள் யாவும் பிரதம நீதிபதியின் முன் வைக்கப்பட வேண்டும் என்று பெரும்பான்மையாகக் கூறியது. சேத்தைக் குஜராத்திற்கே திருப்பி அனுப்ப அரசும் இசைந்தது.

1981இல் அதே கோர்ட், நியமனத்தில் முடிவான சொல் அரசினுடையதே என்றது. 1993இல் அதை மாற்றி, மூத்த நீதிபதிகளுடன் சேர்ந்து பிரதம நீதிபதி கூறுவதே மேலோங்கும் என்றது. இதற்கென ஒரு கமிஷன் அமைத்த திருத்தம் 2015இல் செல்லாததாயிற்று.

பதவியேற்ற நீதிபதியை 62 வயதுவரை எளிதில் அசைக்க இயலாது. நீக்குவதற்குப் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் தனிப் பெரும்பான்மை வேண்டும். சம்பளம் மாநில நிதியிலிருந்து சட்டசபையின் ஓட்டுக்கு விடப்படாமலே வழங்கப்படுகிறது.

2021இல் ஹைதராபாத்தில் நீதிபதி இடங்கள் 24இலிருந்து 42ஆயின. ஒவ்வோர் இடத்திற்கும் இங்குள்ள மூத்த நீதிபதிகள் எழுதும் பெயர் டில்லி சென்று, பலர் கைமாறித் திரும்ப வேண்டும். மாதங்கள் பல ஆவதும் உண்டு.