கணக்குக் காட்ட வேண்டியவர் யார்?

(தென்னேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரியைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசத் தமிழாசிரியன் எதற்கு, பட்டயக் கணக்கர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பணத்தைக் குறிக்கும் சொற்கள் நம் வாயினின்று நழுவிப் போன வழியிலேதான் பணத்தின்மேல் நமக்குள்ள உரிமைகளும் நழுவிப் போயின என்பது என் கருத்து. அதனாலேயே வந்தேன்.

இவ்வூரில் நின்று வரியைப் பேசுவது பொருத்தமானதே. தென்னேரி என்பது திரையனேரி என்பதன் திரிபென ஆராய்ந்தோர் கூறுவர். அத்திரையன், பெரும்பாணாற்றுப்படையின் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன். அந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் பெருவழியைச் சொல்லுமிடத்து, அஃது உல்கு தண்டும் வழி என்றும், வில்லேந்தியோர் அதனைக் காத்தனர் என்றும் குறிக்கின்றார். உல்கு என்பது பிற்காலத்தார் சுங்கம் என்றது. அப்புலவரே பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறியும் இறங்கியும் குவிந்த பொதிகளின்மேல் புலிப்பொறி இட்டு உல்கு கொண்டதையும் பாடியிருக்கின்றார். பொதியை நிறுத்தனர், பொறியிட்டனர், உல்கு பெற்றனர், விடுத்தனர். அப்பொதியை விற்ற பணத்தில் வணிகன் எவர்க்குக் கைமாற்றுக் கொடுத்தான், எந்த மருத்துவனிடம் சென்றான், எந்தப் புலவனுக்குப் பரிசில் தந்தான் என்று உல்கு கொள்வோர் குறித்துவைக்கவில்லை. பொதிக்கு உல்கு உண்டு; பொதியுடையானின் வாழ்க்கைக்கு உல்கு இல்லை.

வரியே கொடோம் என்பவரல்லர் நாம். ஏரிக்குத் தூர்வாரவும் மதகு கட்டவும் பள்ளி நடத்தவும் பணம் வேண்டும். இறை என்றும் திரை என்றும் கடமை என்றும் ஆயம் என்றும் தீர்வை என்றும் இத்தனை சொற்களை ஆக்கி வைத்திருக்கும் இனம் வரியை அறியாத இனமாக இருக்க முடியாது. கொள்ளும் முறையைத்தான் நம் முன்னோர் வினவினர். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும். யானையே வயலிற் புகுந்தால் உண்பதைவிட மிதித்தழிப்பதே மிகும் என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு எடுத்துரைத்தார். இப்புறப்பாட்டை 2019 சூலை 5 அன்று நடுவணரசின் நிதியமைச்சர் நிருமலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்ட உரையின்போது தமிழிலேயே சொன்னார். கேட்டு நாமும் மகிழ்ந்தோம். பாட்டைச் சொல்லிய அவையிலேயே யானையைப் பற்றிய கணக்கையும் யாரேனும் கேட்டிருக்கலாம்.

இனி உத்திரமேரூர்க்கு வருவோம். நம் மாவட்டத்துக் கல்வெட்டு; ஆயினும் நம்முள் பலர் அதனைக் குடவோலைத் தேர்தல் என்ற ஒரு சொல்லோடு அறிந்து அமைந்துவிட்டோம். முதற் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், அவ்வூரவை செய்த இரண்டு தீர்மானங்கள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். இது திருவுளச்சீட்டே, இன்று நாம் இடும் வாக்குப் போன்றதன்று. மேலும் அது நான்மறையாளர்க்குக் கொடுக்கப்பட்ட ஊர். உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் அக்குடத்துள் ஓலை இல்லை. இதனை மறைத்துவிட்டுக் குடியரசுப் பெருமை பேசுவார் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் அக்கல்வெட்டில் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன்னின் தரங்காணும் பொன் வாரியம் என்று வாரியங்கள் வகுத்தவர்கள், யார் யார் பெயரைக் குடத்தில் இடலாகாது என்றும் வகுத்தனர். அப்பட்டியலில் முன்னிற்பவன், முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவன். அவன் மட்டுமன்று, அவன் தந்தை, மக்கள், உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தார் மக்கள் என நீளும் உறவினர் பெயரும் குடத்திற் புகா. பொதுப்பணத்தைத் தொட்டவன் ஊர்க்குக் கணக்குக் காட்டுக என்பது அதன் பொருள். ஊர், அதனைச் சுவரில் வெட்டி வைத்தது. கணக்கின் ஓட்டம் ஆள்வோரிடமிருந்து ஊரை நோக்கி இருந்தது.

இன்று அவ்வோட்டம் எந்தப் பக்கம்? 2018 சனவரியில் தேர்தல் பத்திரம் என்பது நடைமுறைக்கு வந்தது. கொடையாவணம் என்போம். பெருநிறுவனம் ஒன்று இந்திய அரசு வைப்பகத்தில் அதனை வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் மக்கட்குத் தெரியாது. கேட்டபொழுது என்ன சொன்னார்கள்? கொடையாளியின் மந்தணம் காக்கப்பட வேண்டும் என்றார்கள். மந்தணம் என்பது பிறர் அறியாது வைத்துக்கொள்ளும் உரிமை. 2024 பிப்பிரவரி 15 அன்று உச்ச முறைமன்றத்தின் ஐவர் ஆயம் அத்திட்டம் செல்லாது என்று தள்ளிற்று. தள்ளும் வரையில் ஆறாண்டுகள் கோடிகளுக்கு மந்தணம் இருந்தது. அதே ஆண்டுகளில் உங்கள் இருபது உருபாய்க்கு இருந்ததா?

தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். சிறுவாடு என்று ஒரு சொல் உங்களிடம் இருக்கிறது. சிறுபாடு என்றும் வழங்கும். பால் விற்றதில், முட்டை விற்றதில், அண்ணன் கையில் வைத்துச் சென்றதில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் கணவனும் அறியாமல் நீங்கள் வைத்திருப்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் வெளிவருவது அது. குடித்துவிட்டு வருபவன் கைக்கு எட்டாமல் நிற்பதும் அது. பணத்தின் மந்தணம் என்று சட்ட அறிஞர் இன்று பெரிய நூல்கள் எழுதுகிறார்கள். நம் பாட்டிமார் அதற்குப் பெயரே வைத்திருந்தனர்.

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு ஐந்நூறு, ஆயிரம் உருபாத் தாள்கள் செல்லா என்று தலைமையமைச்சர் அறிவித்தார். கள்ளப்பணத்தை ஒழிக்க என்றார். ஒழிந்ததா? செல்லாதாக்கிய 15.41 இலக்கம் கோடியில் 15.31 இலக்கம் கோடி திரும்பி வந்துவிட்டதென்று 2018 ஆகத்தில் இந்தியத் தலைமை வைப்பகமே கணக்குக் கொடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல்! ஆனால் அரிசிப் பானைகள் எல்லாம் அந்த மாதத்தில் கவிழ்ந்தன. எத்தனை வீட்டில் ‘இவ்வளவு பணம் உனக்கு ஏது?’ என்ற கேள்வி எழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். தேடிய பணம் தப்பியது. தேடாத பணம் அகப்பட்டது.

2023 செப்டம்பர் 15 அன்று, இதே காஞ்சிபுரத்தில், மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டுத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா உங்கள் பெயரிலேயே வைப்பகத்தில் விழுந்தது. நல்லதே. ஆயினும் பணம் விழுந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி யார் கைப்பேசிக்கு வந்தது? பல வீட்டில் கணவன் கைப்பேசிக்கு. பானைக்குள் இருந்த பணம் வாயில்லாதது. வைப்பகப் பணம் வாயுடையது.

இப்பொழுது கைப்பேசிப் பணமாற்று. 2016 ஏப்பிரலில் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் ஏற்பாடு இன்று கீரைக்காரி கூடைவரை வந்துவிட்டது. அதனை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சில்லறைத் தொல்லை இல்லை; வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணம் நொடியில் வருகிறது. மொய்ப்பணமும் அட்டையைக் காட்டி வாங்குகிறார்கள். ஆனால் ஒன்றை அறிந்து பயன்படுத்துங்கள். கையிற் கொடுத்த பத்து உருபாத் தாளுக்கு நினைவில்லை. கைப்பேசியிற் கொடுத்த பத்து உருபாய்க்கு நாள், மணி, கொடுத்தவர், பெற்றவர் என்ற நினைவு உண்டு. அந்நினைவு இருப்பது உங்களிடமன்று, எங்கோ ஒரு கணிப்பொறிக் கூடத்தில். எந்த மருந்துக் கடை, எந்தக் கட்சி உண்டியல், எந்தத் தமிழிதழுக்கு ஆண்டுக் கட்டணம் என அனைத்தும் அங்கே வரிசையாய்க் கிடக்கின்றன.

கிடந்தால் என்ன என்பார்க்கு ஒரு நடந்த செய்தி. 2025 சூலையில் கருநாடக வணிகவரித் துறை, பணமாற்று நிறுவனங்களிடமிருந்து கணக்குகளைப் பெற்று, ஆண்டுக்கு நாற்பது இலக்கத்துக்குமேல் பெற்ற சிறுகடைக்காரர்க்கெல்லாம் அறிவிக்கை விடுத்தது. ஆவேரியில் காய்கறி விற்பவர் ஒருவர், நான்காண்டில் ஒரு கோடியே அறுபத்துமூன்று இலக்கம் கைப்பேசிவழி வந்திருக்கிறது, இருபத்தொன்பது இலக்கம் வரி கட்டுக என்ற தாளைப் பெற்றார். பச்சைக் காய்கறிக்குச் சரக்கு–பணி வரியே கிடையாது! கணிப்பொறி வந்த பணத்தைத்தான் கண்டது, கத்தரிக்காயைக் காணவில்லை. விற்றுமுதல் வேறு, ஆதாயம் வேறு, உறவினர் திருப்பித் தந்த கைமாற்று வேறு என்பதும் அதற்குத் தெரியாது. பெங்களூர்த் தேநீர்க் கடைகளில் ‘கைப்பேசிப் பணம் வேண்டா, காசு மட்டும்’ என்று தாள் ஒட்டினர். பழைய நிலுவையைத் தண்டுவதில்லை என்று அம்மாநில முதலமைச்சர் சொன்ன பின்னரே கொதிப்பு அடங்கிற்று. வரி ஏய்ப்போர் உளர், அவரைப் பிடிக்கட்டும். பிடிக்கும் வலையின் கண் அயிரை மீனுக்குச் சிறிதாகவும் சுறாவுக்குப் பெரிதாகவும் இருப்பதே என் முறையீடு.

நீங்கள்தாமே இசைந்தீர்கள் என்று நிறுவனத்தார் சொல்வர். இங்கேதான் தமிழாசிரியனுக்கு வேலை வருகிறது. கடையில் ஒரு சிறு பெட்டி வைத்திருக்கிறார்கள். பணம் வந்தவுடன் ‘இருபது உருபாய் பெறப்பட்டது’ என்று தெருவே கேட்கத் தமிழிற் கூவுகிறது. தமிழில் முடியாது, தமிழுக்குத் தொழில்நுட்பம் இடங்கொடாது என்று இனி எவரும் சொல்ல வேண்டா. முகப்பையும் தமிழாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பெயரும் எண்ணும் செலவும் எவரெவர்க்குத் தரப்படும் என்று சொல்லும் நீண்ட விதித்தொகுப்பைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஆங்கிலம். பணம் பெறும்பொழுது தமிழ்; இசைவு பெறும்பொழுது ஆங்கிலம். படிக்கத் தெரியாத ஒன்றுக்குக் கட்டைவிரலால் அழுத்துவதைத் தமிழில் இசைவு என்று சொல்வதில்லை.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாய், தம் வைப்பகக் கையேட்டைக் கொண்டுவந்து, நானூற்று முப்பத்தாறு உருபாய் காணவில்லை என்றார். பார்த்தேன். காப்பீட்டுக்காக ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளத் தாமே கையெழுத்திட்டிருக்கிறார். கணக்குத் தொடங்கிய அன்று நீட்டிய தாள்களுள் அதுவும் ஒன்று. முழுதும் ஆங்கிலமும் இந்தியும். அக்காப்பீடு தீயதன்று, அவர் குடும்பத்துக்கு உதவக்கூடியதே. ஆனால் தமக்குக் காப்பீடு இருப்பதையே அவர் அறியார். அவர் இறந்திருந்தால் பிள்ளைகளும் அறிந்து கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு இலக்கம் உருபாய் மொழியில்லாமல் புதைந்திருக்கும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நாம்தான் அதன் பக்கம் போவதில்லை. மந்தணம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகத்து 24 அன்று உச்ச முறைமன்றத்தின் ஒன்பது நடுவரும் ஒரே முடிவாகத் தீர்ப்பளித்தனர். வைப்பகப் படிவங்கள் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி என மும்மொழியிலும் இருக்க வேண்டுமென்று தலைமை வைப்பகம் பணித்திருக்கிறது. (இந்தியை ஏன் நடுவில் நுழைத்தனர் என்பது வேறொரு நாளைக்கு. 2016இல் வந்த புதிய ஐந்நூறு உருபாத் தாளில் நாகரி எண்ணைப் பொறித்ததும், அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு உலகப் பொதுவடிவ எண்ணைச் சொல்லியிருப்பதும் அந்நாளைக்கே இருக்கட்டும்.) 2023இல் இயற்றிய தனியர் தரவுக் காப்புச் சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணை மொழிகளுள் விரும்பிய ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. இசைவு பற்றிய கடமைகளுக்கு அதன்மேலும் பதினெட்டுத் திங்கள் தவணை கொடுத்தார்கள். ஓட்டையும் உண்டு: அரசு தான் குறிக்கும் தன் அமைப்புகளுக்கு அச்சட்டத்தினின்று விலக்களித்துக்கொள்ளலாம். ஆகவே நிறுவனத்தைத் தமிழில் கேட்க வழி பிறந்திருக்கிறது. அரசைக் கேட்கும் வழி இன்னும் குறுகலே. குறுகலான வழியிலும் கூட்டமாகப் போகலாம்.

இளைஞர்களே, பெற்றோர் கைப்பேசியில் நீங்களே எல்லாவற்றையும் அழுத்திக் கொடுத்துவிடுகிறீர்கள். அழுத்துமுன் இன்னதற்கு அழுத்துகிறேன் என்று அவர்க்குத் தமிழிற் சொல்லுங்கள். கடைக்காரர்களே, வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே கணக்கில் பெறாதீர்கள். கொள்முதற் சீட்டுகளைக் கிழித்தெறியாதீர்கள். காய்கறி விற்றதைக் காய்கறி என்று எழுதிவையுங்கள். தாய்மார்களே, உங்கள் கணக்குக்கு உங்கள் எண்ணையே கொடுங்கள். சிறுவாட்டையும் விட்டுவிடாதீர்கள்.

வாயிலருகே மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கின்றோம். ஒன்று, கணக்குத் தொடங்கும் படிவம், காப்பீட்டுப் படிவம், கடன் படிவம் மூன்றையும் தமிழில் தருக என்று உங்கள் வைப்பகக் கிளை மேலாளர்க்கு எழுதிய மடல். மற்றொன்று, கணக்கில் எவ்வெவற்றுக்குத் தானாகப் பணம் எடுக்கப்படுகிறது என்று எழுத்தில் தருமாறு கேட்கும் மடல். பெயரையும் கிளையையும் நிரப்பித் தமிழிற் கையெழுத்திடுங்கள். கணக்கு எண்ணை இங்கே எங்களிடம் எழுதித் தர வேண்டா. வைப்பகத்தில் கொடுக்கும்பொழுது நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். படியொன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். எழுதத் துணை வேண்டுவோர்க்காக என் மாணவர் நால்வர் அங்கே அமர்ந்திருக்கின்றனர்.