மணி அடிச்சா மட்டும் போதுமா?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் சாயங்காலம் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போற வழியில நம்ம உறுப்பினர் ஒருத்தங்க தையல் மூட்டையோட சைக்கிள்ல வந்தாங்க. ரயிலை விட்டு இறங்கி, கீரைக் கூடையோட நடந்து வந்த அக்கா மேல இடிச்சு ரெண்டு பேரும் விழுந்தாங்க. அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கிப்போய் பத்து நாள் வியாபாரம் போச்சு. "மணி அடிச்சேனே"ன்னு இவங்க, "மணி அடிச்சா நான் எங்க போறது?"ன்னு அவங்க. ரெண்டு பேரும் நம்ம குழுதான்.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. மறுநாள் நாங்க நாலு பேர் தையல் டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் அளந்தோம். தாருக்கும் கால்வாய்க்கும் நடுவுல 4 அடி. அதுல பாதியில பைக் நிக்குது. மீதி 2 அடியிலதான் நடக்கிறவங்களும் சைக்கிளும். சண்டை வராம என்ன செய்யும்?

சைக்கிளைக் குறை சொல்லி ஒதுக்க நமக்கு மனசு வராது. 1991-க்குப் பிறகு புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. தண்ணிக் குடம், பிள்ளை, காய்கறி எல்லாம் சைக்கிள்லயே போச்சு. பஸ்ஸுக்குக் காத்திருக்காம சுயமா போக முடிஞ்சது. அந்த வசதியை நாம விட முடியாது.

தீபாவளித் துணி எடுக்க நம்மில் பலர் தி.நகர் போயிருப்போம். சென்ட்ரல்ல இறங்கி, பார்க் ஸ்டேஷன்ல மாறி, மாம்பலம். பாண்டி பஜார்ல முன்னெல்லாம் தோளோடு தோள் இடிச்சுத்தான் போகணும். 2019 நவம்பர்ல கார் போற இடத்தைக் குறைச்சு, நடைபாதையை அகலமாக்கித் திறந்தாங்க. 2023-ல மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் நிலையம் வரைக்கும் ஆகாய நடைபாதையும் வந்தது. சென்னை மாநகராட்சி 2014-லயே நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமைன்னு கொள்கை எழுதி வச்சதுதான். பெரிய கடைத்தெருவுக்குக் கிடைச்ச அகலம் சின்ன ஊருக்கும் கிடைக்கணும்.

அது வரைக்கும் நாம செய்யக்கூடியது சிலது இருக்கு. நடைபாதை இல்லாத ரோட்டுல வலது ஓரமா நடக்கணும். சைக்கிள் இடது ஓரம். அப்போ ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்த்துக்கலாம். பின்னால வந்து திடீர்னு மணி அடிச்சா வயசானவங்க பதறி நம்ம சக்கரத்துக்கே வந்துடுவாங்க. வேகத்தைக் குறைச்சு, "அம்மா, வலப்பக்கம் வர்றேன்"னு வாயால சொல்லுங்க. கூட்டம் அதிகமா இருந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, கௌரவம் ஒண்ணும் குறையாது. கேரியர் மூட்டை ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

நம்ம மேலயும் குத்தம் உண்டு. குழுக் கூட்டம் முடிஞ்சு நாலு பேர் வரிசையா, உள்கடன் கதை பேசிக்கிட்டு ரோட்டை அடைச்சு நடக்கிறோமே!

பைக் நிறுத்துறதை மாத்தச் சொல்லியும், கால்வாய்க்கு மூடி போடச் சொல்லியும் அக்டோபர் 2 கிராம சபையில மனு கொடுக்கப் போறோம். டேப்பால அளந்த கணக்கை மனுவோட வச்சிருக்கோம். மனுவுல முதல் ரெண்டு கையெழுத்து கீரைக்கார அக்காவும் தையல் தங்கச்சியும் போட்டது. மத்தவங்க இன்னைக்குச் சேமிப்பு கட்டிட்டுப் போகும்போது போட்டுடுங்க.