நர்சுகள் எச்சரித்தார்கள்; கேட்கத்தான் ஆளில்லை

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொள்ளை நோய் வந்துவிட்டால் டாக்டரையும் நர்சையும் தெய்வம் என்கிறார்கள். 2020-ல் நம் நாட்டிலும் கைதட்டச் சொன்னார்கள், ஜனங்கள் தட்டினார்கள். அது தவறல்ல. ஆனால் ஆஸ்பத்திரி ஊழியர் கேட்பது கைதட்டலையா? நல்ல முகமூடி கொடு, நான் சொல்வதைக் காதில் வாங்கு என்றுதான் அவர் கேட்கிறார். கேட்காமல் போனால் என்ன ஆகும்? 2003-ல் கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரே நாள், இரண்டு ஆஸ்பத்திரி

சார்ஸ் என்ற புதிய சுவாச நோய் 2002 இறுதியில் சீனாவில் தோன்றி, 2003-ல் ஹாங்காங் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. மார்ச் 7-ம் தேதி கனடாவின் இரண்டு நகரங்களில் இரண்டு நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வான்கூவரில் வந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தனிமைப்படுத்திவிட்டார்கள். என்ன நோய் என்று அவர்களுக்கும் அன்று தெரியாது. தெரியாததால்தான் ஜாக்கிரதையாக இருந்தார்கள். அவரிடமிருந்து அங்கே எவருக்கும் நோய் தொற்றவில்லை. அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் ஏற்பாடு இருக்கிற இடத்தில்தானே அதிர்ஷ்டமும் கைகொடுக்கும்?

டொராண்டோவில் வந்தவரோ, அவசர சிகிச்சைப் பிரிவில் மற்ற நோயாளிகளுக்கு நடுவே இரவெல்லாம் கிடந்தார். அங்கிருந்து நோய் பரவியது. ஒண்டாரியோ மாகாணத்தில் 44 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் நர்சுகள், ஒருவர் டாக்டர். நோய் கண்ட சுமார் 375 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களே!

இரண்டாவது அலை

மே 17-ம் தேதி மாகாண சர்க்கார் அவசர நிலையை ரத்து செய்தது. பாதுகாப்பு விதிகள் தளர்ந்தன. நார்த் யார்க் ஜெனரல் ஆஸ்பத்திரி நர்சுகள் நோயாளிகளின் காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் பார்த்து, இது சார்ஸாக இருக்குமோ என்று எச்சரித்தார்கள். சார்ஸ் அல்ல என்று பதில் வந்தது. மே 23-ம் தேதி, நோய் மீண்டும் பரவிவிட்டது என்று அதிகாரிகளே அறிவிக்க நேர்ந்தது.

இதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2007 ஜனவரியில் வெளிவந்தது. யாரும் வேண்டுமென்றே மறைத்ததாக அது சொல்லவில்லை. அமைப்பே பழுதாக இருந்தது என்றது. முகமூடி முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும் என்பது 1993 முதல் சட்டம். ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் அது ஏட்டிலேயே இருந்தது. தொழிலாளர் இடம்பெற்ற பாதுகாப்புக் கமிட்டிகள் ஒதுக்கப்பட்டன. 1990-களின் பிற்பகுதியில் மாகாண சர்க்கார் செலவை வெட்டியதில் ஆயிரக்கணக்கான நர்சுகள் வேலை இழந்திருந்தார்கள். நிரந்தர வேலையின்றி, பிழைப்புக்காக இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் மாறி மாறி உழைத்தவர்களும் இருந்தார்கள். ஆள் குறைத்து மிச்சம் பிடித்த காசின் விலை என்ன என்று பாருங்கள்!

ஆணையம் சொன்ன முக்கியப் பாடம் இதுதான்: அபாயம் தெரிந்தால், விஞ்ஞான நிரூபணம் முழுமையாகக் கிடைக்கும்வரை காத்திராமல் ஊழியரைக் காப்பாற்று.

பாடம் படித்தார்களா?

2020-ல் கோவிட் வந்தது. அதே ஒண்டாரியோவில், தனியார் முதியோர் இல்லங்களில் வேலை செய்த நர்சுகளுக்குத் தகுந்த முகமூடி பெற, அவர்களது சங்கம் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் மாதம் கோர்ட் சங்கத்தின் பக்கம் உத்தரவிட்டது. அறிக்கை பதின்மூன்று ஆண்டு அலமாரியில் இருந்தது; முகமூடியை வாங்கித் தந்தது சங்கம்!

தோழர்களே! நூற்பாலையில் இழை அறுவதை முதலில் காண்பவர் மெஷினில் நிற்பவர். வாய்க்கால் கரை கசிவதை முதலில் காண்பவர் வயலில் நிற்பவர். வார்டில் அபாயத்தை முதலில் காண்பவர் நர்சும் ஆயாவும் துப்புரவுத் தொழிலாளியும்தான். அவர்கள் வாயை அடைத்தால் அடைபடுவது நோயாளியின் மூச்சு. அந்த நோயாளி பெரும்பாலும் நம் வீட்டு ஆள்.

ஆகவே ஆஸ்பத்திரி ஊழியர்கள் போதிய ஆள், நிரந்தர வேலை, தரமான முகமூடி, பாதுகாப்புக் கமிட்டியில் இடம் என்று கோரிக்கை வைத்தால், அது அவர்கள் கூலிச் சண்டை மட்டும் என்று ஒதுங்காதீர்கள். அது நம் உயிருக்கான கோரிக்கை. நோய் வந்தபின் கைதட்டுவதைவிட, வருமுன் அவர்களோடு நிற்பதே மேல்.